மூன்றாவது கண்ணாடி

காபிக்கு நன்றி, ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. நீங்கள் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். எங்கள் சிசிலி வீடுகள் பிடிபட நாளாகும். இந்த மலையூரில் ஒருவர் வீடு எங்கே முடிந்து அடுத்தவர் வீடு எங்கே தொடங்குகிறது என்று கட்டினவனுக்கே தெரியாது. க்ரோச்சிஃபிஸா அக்காவின் அறை, லீவா அம்மா வாங்கிய வீட்டின் சமையலறைக்கு மேலே இருந்தது. கீழ்ச்சுவர்தான் மேலே அவள் கட்டிலைத் தாங்கிக்கொண்டிருந்தது.

லீவா பெல்ஜியத்துப் பள்ளிக்கூட டீச்சர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய கார் விலைக்கு அந்த வீட்டை வாங்கியிருந்தார். "மேஸ்திரி, சமையலறைக்கு வெயில் வரணும். இந்தச் சுவரை எடுத்துடலாமா?" என்றார். பாதி எடுக்கலாம் என்றேன். எடுத்ததும் வெயில் உள்ளே விழுந்தது, அந்த அம்மா சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார். நான் இன்னும் ஒரு முழம் எடுத்தேன். அது தப்பு என்று எடுக்கும்போதே தெரியும்.

மறுவாரம் அக்காவின் அறைச் சுவரில் விரிசல் விட்டது. ஊர் வழக்கப்படி விரிசலுக்குக் குறுக்கே விரல் அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் சாந்து பூசி, ஈரச் சாந்தில் தேதியைக் கீறினேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடையாதவரை நிம்மதியாகத் தூங்கலாம். பாதிரியாரை நம்பாதவன்கூட இங்கே அந்தக் கண்ணாடியை நம்புவான்.

அக்கா தையல்காரி. அறுபது வயது, தனிக்கட்டை. தினமும் காலையில் ஜன்னலிலிருந்து என் பெயரைச் சொல்லி ஒரு சத்தம் போடுவாள்.

"டேய் தானோ, உன் கண்ணாடி இன்னிக்கும் முழுசாத்தான் இருக்கு. உடைஞ்சா நான் தங்கச்சி வீட்டுக்குப் போகணும். அவ சமையலைத் திங்கறதுக்கு இங்கயே நசுங்கிச் சாகலாம்."

"உங்க வாய்க்குப் பயந்து சாவே படியேறாதுக்கா" என்பேன். தெருவே சிரிக்கும்.

பத்தாம் நாள் கண்ணாடி உடைந்தது. அவள் பூசைக்குப் போயிருந்தாள். விரிசலைப் பார்க்கட்டும் என்று சாவியை என்னிடம்தான் கொடுத்து வைத்திருந்தாள். அடுத்த சனிக்கிழமை லீவாவின் சிநேகிதர்கள் ஆறு குடும்பம் எங்கள் தெருவில் வீடு வாங்கப் பார்க்க வருவதாக இருந்தது. பதினோரு வருஷமாக எங்கள் ஊருக்கு வந்தவனைவிடப் போனவன்தான் அதிகம். என் மகள் ஜெர்மனிக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி உடைந்த சேதி வெளியே போனால் நகராட்சி தெருவையே மூடிவிடும், வருகிறவர்கள் அப்படியே திரும்பிவிடுவார்கள். முட்டுக் கொடுத்தாலும் பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள். அதனால் புதுக் கண்ணாடி வைத்தேன். சாந்தில் பழைய தேதியையே கீறினேன். பழசாகத் தெரியட்டும் என்று மேலே கொஞ்சம் காபித்தூளைத் தேய்த்தேன்.

அன்று மதியச் சாப்பாட்டை அப்படியே நாய்க்குப் போட்டேன். குற்ற உணர்ச்சியே இல்லாதவன் என்று என்னைப் பற்றி எழுதிவிடாதீர்கள். இரண்டாவதும் உடைந்தது. மூன்றாவதை வைக்கும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

புதன்கிழமை அக்கா கூப்பிட்டாள். "கதவு சாத்தவே மாட்டேங்குது தானோ. என்னை மாதிரி இதுக்கும் இடுப்பு பெருத்துடுச்சா?"

"ஈரக்காத்துக்கா. மரம் உப்பியிருக்கும்."

ஆகஸ்ட் மாதம், ஐயா. மழை பெய்து மூன்று மாதமாகியிருந்தது.

"ஈரக்காத்தா? சரி, நீ சொன்னா சரிதான். உனக்குத் தெரியாததா?"

கதவைக் கழற்றி இழைத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. ஒரு தட்டு நிறைய பாதாம் பிஸ்கட் வைத்தாள். பக்கத்திலேயே நின்று, "இன்னும் ஒண்ணு எடுத்துக்கடா, எலும்பும் தோலுமா இருக்கே" என்று சொல்லிச் சொல்லித் தின்ன வைத்தாள். எல்லாவற்றையும் தின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வீடு இடிந்து இறங்கியது. அவள் மெஷினில் உட்கார்ந்து யாருக்கோ கல்யாணச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாளாம். நான் அவளைக் கொல்ல நினைக்கவில்லை. சனிக்கிழமை கழிந்ததும் முட்டுக் கொடுத்திருப்பேன், சுவரைத் திரும்பக் கட்டியிருப்பேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு நாள்.

வேலையாட்கள் நாலு பேருக்கும் வியாழக்கிழமை சாயங்காலமே ஏன் லீவு விட்டேன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். லீவா அம்மாவைக் கடற்கரைக்குப் போய்விட்டு வாருங்கள் என்று ஏன் அனுப்பினேன் என்றும் கேட்கிறீர்கள். சுவருக்குள் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. பையன்களுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆளைப் பலி கொடுத்து வேலை வாங்குகிற மேஸ்திரி இல்லை நான். இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அக்காவிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். சொன்னால் நம்பியிருப்பாள், ஐயா. அந்த நிமிஷமே இறங்கி வந்திருப்பாள். வந்து, தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள்.