கப்பல் அனுப்புவார்

பாரிஸின் லா சப்பல் மெத்ரோ நிலையத்தில், நான் உட்கார்ந்திருந்த வாங்கிலேயே இரண்டு தமிழர்கள் இருந்தார்கள். இளையவரின் கையில் இலவசப் பேப்பர். அமெரிக்காவின் முதல் கறுப்பு ஜனாதிபதி பதவி முடிந்து போகிறார் என்று படம் போட்டிருந்தது.

"நல்ல மனுசன் எண்டு எழுதியிருக்கிறாங்கள், அண்ணை."

"எனக்கு அவரிலை கோவம்."

"கறுப்பு ஆள் எண்டதாலையோ?"

"ஓம். அதாலைதான்."

இளையவர் சிரித்தார். மற்றவர் சிரிக்கவில்லை.

"இரண்டாயிரத்து ஒன்பதிலை சண்டையை நிப்பாட்டச் சொல்லி அவரின்ரை படத்தைப் பிடிச்சுக்கொண்டு இஞ்சை றோட்டிலை இருந்தனாங்கள். ரிவியிலை றோட்டை மறிச்சதை மட்டும்தான் காட்டினவங்கள். வன்னியிலை இருந்து தங்கச்சி போன் எடுத்து, 'அண்ணை, அவர் ஏதும் சொன்னவரோ?' எண்டு கேட்டாள். சனத்தை ஏத்தக் கப்பல் அனுப்புறாராம், இருந்த இடத்தை விட்டு அசையாதை எண்டு சொன்னனான். அவள் அசையேல்லை. ஆமி அடிச்ச செல் அதிலைதான் விழுந்தது."

"அவர் அப்பிடிச் சொன்னவரே?"

"இல்லை. எங்களைப் போலை கறுப்பு, கட்டாயம் அனுப்புவார் எண்டு நான்தான் நினைச்சன். முந்தி இருந்த வெள்ளையளிட்டை நான் ஒண்டும் எதிர்பார்க்கேல்லை. அவையிலை கோவமும் இல்லை."

"அப்ப இவரிலை ஏன் அண்ணை கோவம்?"

மெத்ரோ வந்து நின்றது. கதவு திறந்து மூடியது. இருவரும் ஏறவில்லை.