செத்த மரத்துக்கு அனுமதி வேண்டாம்

— நோயே இல்லைன்னு சொல்றீங்களா, சாகின்பெக் பைகே? அண்ணன்னு மதிச்சுக் கேக்கிறேன், யோசிச்சுச் சொல்லுங்க.

— நோயா! நல்லாச் சொன்னே போ, புர்மெத் தங்கச்சி. எருது மாதிரி நின்ன மரங்க அதெல்லாம். ஒரு பூச்சி கிடையாது, ஒரு புழு கிடையாது. நான் நேரடி ஆளு, மறைக்கிற பழக்கம் இல்ல.

— அப்புறம் எப்படி ஒரே கோடையில உங்க மனையில வரிசை பூரா காஞ்சுது?

— மரம்தானே, காயும். நகரசபை மரப் பிரிவுக்கே நீதான் தலைவி, உனக்குத் தெரியாததா? செத்த மரம்னு ஒரு முத்திரை குத்து. நாளைக்கே வெட்டி எடுத்துடுறேன். கிரேன் வந்து நிக்குது.

— முத்திரைக்கு முன்னாடி காரணம் எழுதணும். தமாரா இவானோவ்னா, நீங்க சொல்லுங்க. மர வைத்தியர் நீங்கதானே.

— இவர் கொண்டுவந்த இலையைப் பார்த்தேன், என் கண்ணு. சுருண்டு, மஞ்சளாகி, நரம்பு கறுத்திருக்கு. இவர் மனையில நிக்கிற இந்தக் கராகாச் மரத்துக்கு வர்ற வாடல் நோய்க்கும் இதே முகம்தான். பட்டைக்குள்ள வண்டு நுழைஞ்சிருந்தா...

— வண்டாவது கிண்டாவது! என்ன பேச்சு இது?

— வண்டுன்னா மனையைச் சுத்தித் தடுப்புப் போடணும், பைகே. அஞ்சு வருஷம் மண்ணைத் தொடக் கூடாது. இல்லைன்னா வேர் வழியா அடுத்த தெருவுக்குப் பரவும்.

— அஞ்சு வருஷமா? விளையாடுறியா? ஜன்னலைத் திறந்தா அலா-தோ மலைன்னு சொல்லிச் சொல்லி, மச்சான்லேருந்து சம்பந்தி வரைக்கும் எல்லாருக்கும் வீடு தர்றேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். என் சொத்து பூரா அந்த மண்ணுலதான் கிடக்கு. அது போச்சுன்னா நான் நடுத்தெருவுக்கு வந்துடுவேன்.

— நான் என்ன பண்ணட்டும்? இவங்க நோய்னு எழுதினா நோய்தான். நோய் இல்லைன்னா வேற என்னன்னு யாராவது சொல்லணும்.

— தேநீர் ஆறிட்டிருக்கு, ரெண்டு பேரும் குடிங்க. ரொட்டியும் இப்பதான் அடுப்புலேருந்து வந்துது. கிழட்டுக் கையால நானே பிச்சு வெச்சிருக்கேன்.

— தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். பழசை மனசுல வெச்சுக்கிட்டுப் பேசலையே நீ?

— எந்தப் பழசு?

— அஸாத் விஷயம்தான். உன் தம்பி இதே நாற்காலியில இருந்தப்ப நமக்குள்ள கொஞ்சம் உரசல். கையெழுத்துப் போடுப்பான்னா, ஒரு கிளையக்கூட வெட்ட விடமாட்டேன்னான். அப்புறம் அவன் மேசைக்குள்ள ஏதோ கவர் கிடைச்சுது, போலீஸ் வந்துது, ஜெயிலு, அங்க பிடிச்ச இருமல்... அவன் தலையெழுத்து, வேறென்ன. அவன் செத்த வருஷ நினைவு விருந்துக்குன்னு அறுக்க ஒரு குதிரையே அனுப்பினேனே, மறந்துட்டியா?

— மறக்கல. அறுத்துத் தெருவுக்கே விருந்து போட்டோம். கறிதான் கொஞ்சம் முரடு. எங்கம்மாவால ஒரு வாய்கூட மெல்ல முடியல.

— பாரு, கிண்டல்! இதுலயே தெரியுது உனக்குக் கோபம் இல்லைன்னு.

— கோபப்பட்டு என்ன ஆகப் போகுது? மரத்துக்கு வாங்க.

— சரி, உடைச்சே பேசுவோம். பிப்ரவரியில உனக்குப் போன் போட்டேன். செத்த மரத்தை எடுக்க அனுமதி வேணுமா, அபராதம் உண்டான்னு கேட்டேன். நீ என்ன சொன்னே?

— அனுமதியும் வேணாம், அபராதமும் இல்லைன்னேன். இன்னைக்கும் அதையேதான் சொல்றேன்.

— அது போதும்னு ஆச்சு எனக்கு. மார்ச்ல, வாய்க்கால்ல மலைத் தண்ணி திறக்கிறதுக்கு முன்னாடி, ஆளை விட்டு அடிமரத்துல துளை போட்டேன். பனிக்காலத்துல ரோட்டுல தெளிப்பாங்களே உப்புக் கரைசல், அதைக் கேன் கேனா ஊத்தினேன். வாய்க்கால் மடையைச் சிமென்ட் வெச்சு அடைச்சேன். துளை தெரியாம மண்ணு பூசினதும் நான்தான். வண்டு இல்லம்மா வைத்தியரே, நான்! சாகின்பெக்!

— நோயை மறைக்கிறதுக்கு இந்த மாதிரிக் கதை விட்டவங்களை நானும் நிறையப் பார்த்திருக்கேன், ஐயா.

— கதையா? இதோ, ரொட்டி மேல கை வெக்கிறேன். நான் சொன்னதுல பொய் இருந்தா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும். என் பிள்ளைங்களை அடிக்கட்டும். போதுமா?

— ரொட்டியைத் தொட்டுச் சொன்ன பிறகு நம்பாம இருக்க முடியுமா? தமாரா இவானோவ்னா, நோய் இல்லைன்னு எழுதிக்குங்க. மனுஷன் கையால செத்துதுன்னு. பைகே, கீழே ஒரு கையெழுத்து.

— இந்தா. அப்பாடா! எங்க உன் முத்திரை?

— குத்தியாச்சு. மரத்தை நாளைக்கே எடுத்துக்கலாம். ஒரு காசு கட்ட வேண்டாம்.

— பார்த்தியா, நேரடியாப் பேசினா எவ்வளவு சுலபம்! கட்டட அனுமதியையும் கையோட கொடுத்துடு.

— அது கிடையாது.

— என்ன கிடையாது?

— ஜனவரியில விதியைத் திருத்தினோம், பைகே. கட்டப் போற மனையில மரத்தை வேணும்னு சாகடிச்சா, அதே இடத்துல கன்று நடணும். செத்த மரம் எவ்வளவு பருமனோ, கன்றும் அவ்வளவு பருமன் ஆகுற வரைக்கும் அங்க கடப்பாரை இறங்கக் கூடாது. மனை கை மாறினாலும் விதி கூடவே போகும்.

— அந்த மரத்தை ரெண்டு ஆளு சேர்ந்தாலும் கட்டிப் பிடிக்க முடியாதே!

— ஆமா. உங்க பேரனோட பேரன் வந்து அடித்தளம் போடலாம்.

— நீ... நீ போன்ல இதைச் சொல்லலையே!

— நீங்க கேக்கலையே. எடுக்கலாமான்னு கேட்டீங்க, கட்டலாமான்னு கேக்கல. கீழே வாசல் பலகையில ஒட்டித்தான் இருக்கு. இப்ப அது மேல சாஞ்சுதான் சிகரெட் பிடிச்சுட்டு வந்தீங்க.

— வண்டு, தடுப்புன்னு பயமுறுத்தி என் வாயைப் பிடுங்கிட்டே! வேணாம், நோய்னே எழுது. அஞ்சு வருஷம் காத்திருக்கேன்.

— எழுதலாமே. காகிதத்தைக் கிழிச்சுடுறேன். திரும்ப ரொட்டி மேல கையை வைங்க. நான் சொன்னது பொய், பிள்ளைங்க பேர்ல சொன்ன பொய்னு சொல்லுங்க.

— புர்மெத்...

— என்ன, கையைப் பின்னாடி இழுத்துக்கிறீங்க? அஸாத்தும் இப்படித்தான் ரொட்டியைத் தொட்டுச் சொன்னான், அந்தக் கவரை நான் பார்த்ததே இல்லைன்னு. கோர்ட்ல நீங்க வாய்விட்டுச் சிரிச்சீங்க. நான் உங்களுக்குப் பின் பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தேன்.

— நீ நல்லா இருக்க மாட்டே.

— இப்ப மட்டும் நல்லாவா இருக்கேன்? கிளம்புறப்ப ஒரு துண்டு பிச்சு வாயில போட்டுக்கோங்க, பைகே. ரொட்டியைத் தொடாமப் போற விருந்தாளி நம்ம ஊர்ல கிடையாது.

— உன் ரொட்டி எனக்குத் தொண்டையில இறங்காது.

— அப்பச் சரி. கதவு கொஞ்சம் ஆடும், மெதுவாச் சாத்துங்க.

— போயிட்டான். படியைக் கூடச் சரியாப் பார்த்து இறங்கல. உன்னைக் கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருக்கு, என் கண்ணு. அஸாத் இதைப் பார்த்திருக்கணும். அந்த மரங்களைத் தொட விடமாட்டேன்னுதானே பிள்ளை உள்ளே போனான்.

— ம்.

— ஒண்ணுதான் எனக்கு உறுத்துது. மார்ச்ல உப்பு ஊத்தினவனை ஏப்ரல்ல கண்டுபிடிச்சிருந்தாக் கூடப் போதுமே. மடையைத் திறந்து, தண்ணியை விட்டு வேரை அலசியிருந்தா பாதி மரமாவது தேறியிருக்கும். நானே வாளி தூக்கியிருப்பேன். நீ தினமும் அந்த வழியாத்தானே பஸ்ல வர்றே? ஒண்ணுமே கண்ணுல படலையா?

— துளை போடுறப்பவே பார்த்தேன், தமாரா இவானோவ்னா.

— பார்த்தியா? அடிப்பாவி, ஏன் என்கிட்ட சொல்லல?

— சொன்னா நீங்க காப்பாத்தியிருப்பீங்க.