சிறைக்குப் போய்வர நாற்பது லிட்டர்

கியூபா, கமாகுவெய் மாகாணம், லா எஸ்தாக்கா காவல் நிலையத்தில் 2023 நவம்பர் 16, வியாழக்கிழமை காலை 9.20 மணிக்கு யாரும் அழைக்காமல் தானே வந்து ஆஜரான நபர் சொல்லச் சொல்ல, லெப்டினன்ட் இத்தால்கோ பாகு எழுதிக்கொண்டது:

என் பெயர் வில்பிரேதோ அரென்சிபியா மோரா. வயது 53. சான்ட்டா ரெகினா சர்க்கரை ஆலைக் குடியிருப்பு, மூன்றாம் தெரு, 17-ஆம் எண் வீட்டில் தனியாக வசிக்கிறேன். ஆலை நடந்த காலத்தில் அதில் லாரி ஓட்டினேன். பத்தொன்பது வருடத்துக்கு முன் ஆலையை மூடியதிலிருந்து சொந்தமாக வாடகைக் கார் ஓட்டி வருகிறேன். இதற்கு முன் என் மேல் எந்த வழக்கும் கிடையாது.

என் கார் 1952-ஆம் வருடத்து பிளிமத். உடம்பு மட்டும்தான் அமெரிக்காக்காரன் செய்தது. உள்ளே இருப்பது ஒரு சின்ன லாரியிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சின், நானே மாட்டியது. நல்ல டீசல் ஊற்றினால் லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் கொடுக்கும். ஆனால் இந்த இரண்டு வருடமாக நல்ல டீசல் குதிரைக்கொம்பு. பெட்ரோல் பங்கில் வரிசை எண் வாங்கிவிட்டு இருபது நாள், முப்பது நாள் காத்திருக்க வேண்டும். பழைய டீசல் எஞ்சினுக்கு நாக்கு கிடையாது, எதைக் கொடுத்தாலும் குடிக்கும். மண்ணெண்ணெய் மட்டும் ஊற்றினால் பம்ப் தேய்ந்துபோகும். உணவுவிடுதியில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி ஊற்றினால் ஒன்பது கிலோமீட்டர் கிடைக்கும், ஆனால் அது கெட்டி. ரேடியேட்டர் குழாயோடு செப்புக் குழாயைச் சுற்றி அதைச் சூடாக்கி அனுப்ப வேண்டும், அப்படியும் மாதம் ஒரு முறை எஞ்சினுக்குள் எண்ணெய் பீச்சும் நாசில் அடைத்துக்கொள்ளும். டிரான்ஸ்பார்மரைக் குளிர வைக்கிற எண்ணெய் அப்படி இல்லை. தண்ணீர் மாதிரி தெளிந்தது, அடைக்காது, ஐந்து பங்குக்கு ஒரு பங்கு மண்ணெண்ணெய் கலந்தால் எட்டு கிலோமீட்டர் கொடுக்கும். விஷயத்துக்கு வரும்படி லெப்டினன்ட் சொன்னார். விஷயமே அதுதான் என்று சொன்னேன்.

கடந்த செப்டம்பர் 19, செவ்வாய்க்கிழமை, எங்கள் பகுதிக்குக் காலை பத்து முதல் மாலை நான்கு வரை மின்வெட்டு என்று அறிவித்திருந்தார்கள். அன்று பகல் பன்னிரண்டு மணிவாக்கில் நான் மூடிய ஆலையின் வாசலுக்குக் காரோடு போனேன். அங்கே காவலாளியாக இருப்பவர் எவேலியோ தமாயோ. அவர் மூத்த மகளுக்கு நான் ஞானத் தகப்பன், ஆகவே நாங்கள் உறவுக்காரர் மாதிரிதான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"என்ன மச்சான், இன்னிக்கும் உன் வண்டிக்குப் பட்டினியா?"

"பட்டினிதான். நேத்து பொரிச்ச எண்ணெய் ஊத்தினேன். தெரு முழுக்க வாழக்கா வறுத்த வாசன வருது, வண்டி மட்டும் மேட்டுல ஏற மாட்டேங்குது."

"அப்ப வண்டிய வித்துட்டு வறுவல் கடை போட்டுரு" என்று சிரித்தார். அதன் பிறகு, சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் வருவதாகவும் அதுவரை கேட்டைப் பார்த்துக்கொள்ளும்படியும் சொல்லிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் போனார். வாரத்தில் இரண்டு நாளாவது அவர் அப்படிச் செய்வது எனக்குத் தெரியும். அதைக் கணக்கு வைத்துத்தான் நான் அந்த நேரத்துக்குப் போனேன்.

அவர் தெரு திரும்பியதும் காரை உள்ளே விட்டு, கொதிகலன் கொட்டகைக்குப் பின்னால் தரையில் நிற்கும் டிரான்ஸ்பார்மர் பக்கம் நிறுத்தினேன். அதன் அடியில் வடிகுழாய் இருப்பது ஆலைக் காலத்திலிருந்தே தெரியும். ஸ்பானரால் திறந்து இருபது லிட்டர் கேன் மூன்றை நிரப்பி, சாக்குப் போட்டு மூடி, டிக்கியில் வைத்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் ஆனது. எவேலியோ திரும்பி வந்தபோது நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் எனக்கென்று வீட்டிலிருந்து ஒரு தம்ளர் காப்பி கொண்டுவந்திருந்தார். அதைக் குடித்தேன்.

ஆலை செத்தது, அதன் டிரான்ஸ்பார்மரும் செத்தது, பிணத்திடம் எடுத்தால் யாருக்கு நட்டம் என்று எண்ணினேன். ஆனால் டிரான்ஸ்பார்மரிலிருந்து புதுக் கம்பி ஒன்று வெளியே குடியிருப்புப் பக்கம் போவதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பார்க்காதவன் மாதிரி குழாயைத் திறந்தேன். குடியிருப்புக் கிணற்றின் பம்புக்கு ஆகஸ்டில் அதிலிருந்துதான் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பிறகு எல்லாரும் பேசிக்கொண்டதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மாலை நான்கு மணிக்கு மின்சாரம் வந்தது. கால் மணி நேரத்தில், எண்ணெய் இல்லாமல் சூடேறிய டிரான்ஸ்பார்மர் வெடித்த சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒன்பது நாள் குடியிருப்பில் தண்ணீர் இல்லை. மூன்று நாள் கழித்து விசாரணைக்கு வந்தவர்கள், வடிகுழாய் சரியாக மூடப்படாமல் இருப்பதையும் பூட்டு எதுவும் உடையாமல் இருப்பதையும் பார்த்து, இது உள்ளே இருக்கிறவன் வேலை என்று எவேலியோவைக் கைது செய்து கொண்டுபோனார்கள். கேட்டைத் தாண்டி யாராவது வந்தார்களா என்று கேட்டதற்கு, யாரும் வரவில்லை என்று அவர் சொன்னதாக ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அந்தச் செய்தியைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. இதை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதற்குள் ஒரு கேன் எண்ணெயைச் சவாரியில் எரித்திருந்தேன். மீதி நாற்பது லிட்டர் வீட்டில் இருந்தது. விற்றால் மாட்டிக்கொள்வேன். மண்ணில் கொட்டினால் கறையும் வாடையும் காட்டிக்கொடுக்கும். எங்கள் ஊரில் எண்ணெயைக் கொட்டுகிறவன் பைத்தியக்காரன், அதுவே சந்தேகத்துக்குப் போதும். எஞ்சினில் எரிப்பதுதான் ஒரே வழி, ஆனால் வண்டி வெள்ளைப் புகை விடுவதைப் பார்த்துச் சவாரிக்காரர்கள் என்னவென்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன்.

அந்தச் சமயத்தில் எவேலியோவின் மனைவி சொராய்தா, மாகாணச் சிறைக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வியாழக்கிழமை பார்க்க விடுகிறார்கள், பஸ் இல்லை என்று அழுதாள். நானே கூட்டிப்போகிறேன், காசு வேண்டாம் என்றேன். போய்வரத் தொண்ணூற்றாறு கிலோமீட்டர். பத்து லிட்டர் எண்ணெயும் இரண்டு லிட்டர் மண்ணெண்ணெயும் சரியாக ஆகும். நான்கு பயணத்தில் நாற்பது லிட்டரும் தீர்ந்துவிடும். கைதியின் மனைவி உட்கார்ந்திருக்கும் காரில் யார் சந்தேகப்படுவார்கள்? ஊரில் என்னைத் தங்கமானவன் என்றார்கள். தெருப் பெண்கள் என் வீட்டுக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கித் தின்றேன்.

அக்டோபர் 5, அக்டோபர் 19, நவம்பர் 2 ஆகிய மூன்று நாளும் கூட்டிப்போனேன். இரண்டாம் முறை அவள் கேட்டாள்.

"ஏன் அண்ணே, வண்டி இப்பல்லாம் அணைஞ்ச மெழுகுவத்தி மாதிரி நாறுது?"

"பொரிச்ச எண்ணெய்தான் தங்கச்சி."

"எந்த ஓட்டல்ல இவ்வளவு மோசமா பொரிக்கிறான்? சொல்லுங்க, அந்தப் பக்கமே போக மாட்டேன்" என்று சிரித்தாள். கணவனைக் கொண்டுபோன நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இன்று காலை கடைசிப் பத்து லிட்டரைத் தொட்டியில் ஊற்றினேன். கேனைக் கழுவிக் கவிழ்த்தேன். மாலை வீடு திரும்பும்போது என் குற்றத்துக்கு ஒரு சொட்டு அத்தாட்சி மிஞ்சாது என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வழக்கு 28-ஆம் தேதி விசாரணைக்கு வருகிறது என்றும், எட்டு வருடம் கிடைக்கலாம் என்று வக்கீல் சொன்னதாகவும் சொராய்தா வழியில் சொன்னாள். ரயில்வே கேட்டைத் தாண்டிய பிறகு, யாரிடமும் சொல்லக் கூடாது என்று எவேலியோ சொன்ன ஒன்றை என்னிடம் மட்டும் சொல்வதாகச் சொல்லிப் பேசினாள்.

"அன்னிக்கு மத்தியானம் கேட்டுல நீங்க இருந்தீங்களாமே அண்ணே. அதை இவரு போலீசுகிட்ட சொல்லவே இல்லையாம். எனக்குக் கோவம் வந்துச்சு, சொன்னா உமக்குத்தானய்யா நல்லது, வேற ஆளும் அங்க இருந்தான்னு ஆகுமேன்னேன். அதுக்கு இவரு, பாவம்டி அவன், காவலுக்கு உக்காந்த பாவத்துக்கு அவனையும் இழுத்து விடணுமான்னுட்டாரு."

எவேலியோவுக்கு என் மேல் சந்தேகம் வந்து அப்படிச் சொன்னாரா, வராமல் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. இரண்டில் எது என்றாலும் என்னால் தாங்க முடியவில்லை. சிறைக்குப் போகும் சாலை பிரிகிற இடத்தில் வண்டியை இந்தப் பக்கம் திருப்பி, இந்த நிலையத்தின் வாசலில் நிறுத்தினேன். டிரான்ஸ்பார்மரைத் திறந்தது நான் ஒருவன் மட்டுமே. எவேலியோ தமாயோவுக்கு அது தெரியாது. அவர் செய்த தப்பு சாப்பிடப் போனதுதான்.

சொராய்தா இப்போது வெளியே என் காரின் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மடியில் எவேலியோவுக்கான பை இருக்கிறது. அதில் வறுத்த ரொட்டி, கொய்யாப்பழ அல்வா, ஒரு சட்டை. அவருக்காகக் கெஞ்சிப் பேசத்தான் நான் உள்ளே வந்திருக்கிறேன் என்று நினைத்து, "நீங்க நல்லா இருப்பீங்க அண்ணே" என்று சொல்லி அனுப்பினாள். தொட்டியில் இருப்பது அத்தாட்சி என்பதால் அந்தக் காரை இனி ஓட்டக் கூடாது என்று லெப்டினன்ட் சொன்னார். சிறையில் பார்க்க விடுவது பன்னிரண்டு மணி வரைதான், ஆகவே அவளை வேறு வண்டியில் அனுப்பிவைக்கும்படி வேண்டிக்கொள்கிறேன். அவளிடம் யார் சொல்வது என்று லெப்டினன்ட் கேட்டார். நான்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

மேலே எழுதியிருப்பதெல்லாம் நான் என் வாயால் சொன்னது. யாரும் அடிக்கவில்லை, ஆசை காட்டவில்லை. படித்துக் காட்டக் கேட்டேன். ஒரு வார்த்தையும் கூடவில்லை, குறையவில்லை.

(ஒப்பம்) வில்பிரேதோ அரென்சிபியா மோரா
காலை 10.25

லெப்டினன்டின் குறிப்பு: ஒப்பமிட்ட பின் மேற்படி நபர் என் முன்னிலையில் காரின் அருகே சென்று சொராய்தா பெனாவிதெஸிடம் சுமார் ஐந்து நிமிடம் பேசினார். சொராய்தா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இன்னிக்கு வந்ததும் அந்த எண்ணெயிலதானா?" நபர் "ஆமா" என்றார். அதன் பிறகு அந்தப் பெண்மணி காரிலிருந்து இறங்கி, ஜீப் தயாராகும் வரை நிற்கச் சொல்லியும் நிற்காமல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிறைச் சாலையில் நடக்கத் தொடங்கினார். பின்னால் ஜீப் அனுப்பப்பட்டது.