மிளகுப்பாலும் லாயிட்டின் குரலும்

டாக்டர் அனுஷா, மிளகுப்பால் போடுவதில் எங்கள் தேவாலயப் பங்கில் என்னை மிஞ்ச ஆளில்லை. பனங்கற்கண்டை நன்றாகக் கரையவிட்டு, மிளகைக் கடைசியில் தட்டிப் போட வேண்டும். கோவில் பாடகர் குழுவின் பயிற்சிக்கு அந்த பிளாஸ்கைக் கொண்டுபோவது என் பொறுப்பு. தனிக்குரல் பாடுகிறவருக்கே முதல் டம்ளர் என்பது எங்கள் வழக்கம். அது வருஷக்கணக்காக லாயிட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

லாயிட் என் உயிர் நண்பன். ஐம்பது வயதிலும் அவன் குரல் சிரமமில்லாமல் உச்சத்தில் போய் நிற்கும். அவனுக்குச் சளி பிடித்தால்தான் நான் பாடலாம். அவனுக்கோ பெங்களூரின் டிசம்பர் குளிரில்கூட ஒரு தும்மல் வராது. பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். அவன் குரல் சற்றே இறங்கிக் கட்டைக்குரலானால் குழுவுக்கு அடிக்குரல் கிடைக்கும், மேல்குரலுக்குத்தான் நான் இருக்கிறேனே என்று யோசித்தேன். எல்லாம் குழுவின் நன்மைக்காக.

மீசை முளைக்கும் வயதில் பையன்களுக்குக் குரல் உடைகிறது அல்லவா? ஆண் ஹார்மோனின் வேலை அது என்று படித்திருந்தேன். ஜிம்மில் ஒருவரிடம் அந்த மாத்திரையை வாங்கி, முதல் டம்ளரில் கலந்துவந்தேன். மிளகுக் காரத்தில் ஒன்றும் தெரியாது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. குரல் இம்மியும் இறங்கவில்லை. முகமெல்லாம் பரு வந்தது. எறும்புக்கும் வழிவிடுகிறவன், ஆட்டோக்காரரின் சட்டையைப் பிடித்தான். ரத்தத்தில் ஹார்மோன் ஏகத்துக்கும் ஏறியிருந்தது. அவனையும் அவன் மனைவி ஜூலியாவையும் உங்களிடம் அழைத்து வந்ததே நான்தான்.

"வெளியிலேர்ந்து ஏறின மாதிரி இருக்கு. மாத்திரை, பவுடர் ஏதாவது எடுக்கிறீங்களா?" என்று கேட்டீர்கள்.

"மாதா சத்தியமா இல்ல டாக்டர்," என்றான் லாயிட்.

ஜூலியா அவனையே பார்த்தாள். "அம்பது வயசுல யாருக்காக மாத்திரை போடறீங்க? அவ பேரை மட்டும் சொல்லுங்க, போதும்."

பெயர் இருந்தால்தானே சொல்வான்? அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அத்திபெலேவில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"அலெக்ஸ், நீயாவது என்னை நம்புறியா மச்சான்?" என்று அவன் என் தோளில் சாய்ந்தான்.

"நம்புறேன்டா."

அதில் பொய்யே இல்லை. அவனை என்னைவிட நம்பக்கூடியவர் யார்?

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜூலியா அன்றைக்கே பஸ் ஏறித் திரும்பியிருப்பாள். ஆனால் ஈஸ்டர் நெருங்கிவிட்டது. பாவமன்னிப்புக் கேட்டுச் சாமியாரிடம் சொன்னாலோ, முதலில் போய் ஜூலியாவிடம் சொல் என்பார். லாயிட்டும் மனமுடைந்து பயிற்சிக்கு வருவதை நிறுத்தியிருந்தான். தனிக்குரல் தானாக என்னிடம் வந்தது.

பயிற்சியை விட்டதும் ஹார்மோன் அளவு இறங்கிவிட்டதே, அங்கே அவர் என்ன குடிப்பார் என்று நேற்று கேட்டீர்கள். படித்தவரிடம் மறைப்பானேன்? கலந்தது நான்தான். அவனுக்குக் கெடுதல் நினைத்ததே இல்லை.

ஈஸ்டர் பூசையில் நான் பாடும்போது, ஜூலியா இல்லாமல் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த லாயிட் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். என் குரல் ஒரு மனிதனை அவ்வளவு தூரம் உருக்கும் என்பது, டாக்டர், எனக்கே அன்றுதான் தெரிந்தது.