படிக்காமல் போட்ட கையெழுத்து

சகோதரிகளே, குறிப்பு எழுதுகிறவர்கள் பேனாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள். இது எழுதிக்கொள்கிற விஷயம் இல்லை, காது கொடுக்கிற விஷயம். ஒரு சின்னக் கதை... ஐந்தே நிமிஷம்.

லிடியா என்று ஒரு பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அம்மா பீடி சுற்றுகிறார்கள், அப்பாவுக்கு லோடு ஆட்டோ. சென்னையில் ஒரு பெரிய பெண்கள் கல்லூரி. அங்கே வருஷத்துக்கு ஐந்து பிள்ளைகளுக்கு மட்டும் படிப்பும் ஹாஸ்டலும் இலவசம். அப்பா சொல்லிவிட்டார்: "அந்த அஞ்சுல ஒண்ணா வந்தா போ. இல்லன்னா பீடித் தட்டு இருக்கு, அம்மா பக்கத்துல உக்காரு." சொன்னவர் கெட்டவர் இல்லை. முடியவில்லை... அவ்வளவுதான்.

அந்தக் கல்லூரிக்கு மார்க் மட்டும் போதாதாம். பாடம் நடத்திய டீச்சர் ஒருவர், இந்தப் பிள்ளை இப்படிப்பட்டவள் என்று பரிந்துரைக் கடிதம் தரவேண்டுமாம்.

லிடியா கெமிஸ்ட்ரி டீச்சரிடம் போனாள். தவமணி டீச்சர். மேஜை நிறைய விடைத்தாள் கட்டு. தலை நிமிரவில்லை.

"லெட்டரா? நீயே எழுதிட்டு வா பிள்ள, நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

சிரிக்கிறீர்கள்... உங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது, இல்லையா?

தன்னைத் தானே புகழ்ந்து எப்படி எழுதுவது? பிள்ளைக்கு வெட்கம். ஸ்கூல் வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் பொன்ராஜ் கம்ப்யூட்டரைத் தட்டினார், ஒரு நிமிஷத்தில் கடிதம் வந்து விழுந்தது. அழகான இங்கிலீஷ். ஒழுக்கமானவர்... தலைமைப் பண்பு உள்ளவர்... பள்ளி ஹாக்கி அணியின் கேப்டன்!

"அண்ணே, நான் ஹாக்கியே ஆடினதில்லையே?"

"யாரு தாயி ஆடினா? பத்து வருஷமா இதே லெட்டர்தான். பேரை மட்டும் மாத்துவேன். எல்லாருக்கும் சீட்டு கிடைச்சிருக்கு. ஹாக்கியை எடுத்தா பக்கம் நிறையாது, பார்த்துக்க!"

டீச்சரிடம் கொண்டுபோனாள்.

"டீச்சர், அதுல ஒரு விஷயம்..."

"தா இங்க. எல்லாம் நல்லா வரும், போ."

கையெழுத்து விழுந்தது. முத்திரை விழுந்தது. டீச்சருடைய பார்வை மட்டும் அந்தத் தாளில் விழவில்லை.

சென்னையில் நேர்முகம். பிரின்சிபால் அம்மா கடிதத்தைப் படித்தார்கள். கண்ணாடியைக் கழற்றினார்கள்.

"உங்க ஸ்கூல்லேர்ந்து இன்னைக்கு வந்த மூணாவது ஹாக்கி கேப்டன் நீ. ஒரு டீமுக்கு எத்தனை கேப்டன்மா?"

முன்னால் போன இரண்டு பேரும், எந்த இடத்தில் நின்று ஆடுவோம் என்பது வரைக்கும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்! லிடியா சொன்னாள்:

"நான் ஹாக்கி மட்டையைத் தொட்டதே இல்ல மேடம். எங்க ஸ்கூல்ல கிரவுண்டே கிடையாது."

"அப்ப இதை எழுதினது யாரு?"

பிள்ளை கடிதத்தின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். அந்த அம்மா கடிதத்தில் இருந்த டீச்சர் நம்பருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "இந்த ஹாக்கி லெட்டரை எழுதினது யாரு?" என்று கேட்டார்கள்.

இப்போது டீச்சருடைய இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். தப்பிக்க வழி இருக்கிறது. 'அந்தப் பிள்ளைதான் கொண்டுவந்தா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை! ஆனால் பிள்ளையின் படிப்பு அங்கேயே முடிந்தது... முடிந்ததா இல்லையா?

தவமணி டீச்சர் சொன்னார்:

"மேடம்... எழுதிட்டு வரச் சொன்னது நான். படிக்காம கையெழுத்துப் போட்டது நான். அவ என்னமோ சொல்ல வந்தா, நான் காது கொடுக்கல. அவமேல தப்பில்ல."

"சரி. ரெண்டு வருஷம் உங்க கிளாஸ்ல இருந்திருக்கா. இவளைப் பத்தி உங்களுக்கு என்னதான் தெரியும்?"

அறுபத்திரண்டு பிள்ளைகள் உள்ள வகுப்பு. என்ன தெரியும்?

"ஒண்ணே ஒண்ணு தெரியும் மேடம். லேப்ல ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டா விட்டு, நிறம் மாறுற அளவை எழுதணும். போன வருஷ நோட்டைப் பார்த்து எல்லாரும் இருபதுன்னு எழுதிட்டாங்க. இவ மட்டும் பதினேழரைன்னு எழுதினா. திட்டினேன். திரும்பச் செய்யச் சொன்னேன். மூணு தடவை செஞ்சா, மூணு தடவையும் பதினேழரை. 'எனக்கு இதான் வருது டீச்சர்'னு அழுதா... ஆனா மாத்தி எழுதல. நான் மார்க்கைக் குறைச்சேன். ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சது, கரைசலைத் தப்பாக் கலந்தது நான். அவ எழுதினதுதான் சரி. அதை இன்னைக்கு வரைக்கும் அவகிட்ட நான் சொல்லல."

ஸ்பீக்கர்... லிடியா கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

பிரின்சிபால் அம்மா சொன்னார்கள்: "டீச்சர், இப்பச் சொன்னதை அப்படியே ஒரு தாள்ல எழுதி அனுப்புங்க. இங்கிலீஷ் வேண்டாம். உங்க கையால எழுதுங்க."

சீட்டு கிடைத்ததா என்று முன்வரிசை அக்கா கண்ணாலேயே கேட்கிறார்கள். கிடைத்தது அக்கா!

சகோதரிகளே, பொய்ச்சாட்சி என்றால் கோர்ட்டில் கூண்டேறிச் சொல்வதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாம் யாரும் கூண்டேறியதே இல்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது சாட்சி சொல்கிறோமா இல்லையா? மாப்பிள்ளை வீட்டார் வந்து வாசலில் நிற்கிறார்கள். "எதிர்வீட்டுப் பொண்ணு எப்படிக்கா?" நாம் என்ன சொல்கிறோம்? "பொண்ணு பரவாயில்ல... ஆனா என்னமோ பேசிக்கிட்டாங்க..." யார் பேசினார்கள்? நீங்கள் பார்த்தீர்களா? சிலபேர், "தங்கமான பொண்ணு" என்று அள்ளி விடுவோம். அந்தப் பிள்ளையோடு ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேசியிருக்கிறோமா? புகழ்ந்தாலும் சரி, பழித்தாலும் சரி... பார்க்காமல் சொன்னது பார்க்காமல் சொன்னதுதான்.

கர்த்தர் நம்மிடம் பெரிய பிரசங்கம் எதுவும் கேட்கவில்லை. கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். காணாததற்கு 'எனக்குத் தெரியாது' என்று சொல்லுங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை. ஏற்கெனவே தப்பாகச் சொல்லியிருந்தால்? போய்த் திருத்துங்கள்.

இதைக் கேட்கும்போதே உங்கள் மனதில் ஒரு முகம் வந்திருக்கும். எனக்கும் வந்திருக்கிறது. கூட்டம் முடிந்ததும் டீ இருக்கிறது, குடியுங்கள். குடித்துவிட்டு நேராக உங்கள் வீட்டுக்குப் போகாதீர்கள்... முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள்.