மடியில் இருந்த வெல்லம்

ஓடுகிறோம். பின்னால் விசில். மேலேயிருந்து இன்னொரு விசில். கல்லில் லத்தி தட்டும் சத்தம்.

"ஓடாதீங்கடா! நில்லு!"

எனக்கு முன்னால் நான்கு பேர். தலையில் வெல்ல மூட்டை. ஒவ்வொருவராக மூட்டையைப் போட்டுவிட்டுப் புதருக்குள் பாய்கிறார்கள். என் கையில் சின்ன மண்பானை. அதைப் போட முடியாது. உள்ளே ஈர மணல். மணலுக்குள் என் மனைவி அலமேலுவின் இன்சுலின். மூன்று கண்ணாடிக் குப்பி.

அது கொரோனா ஊரடங்கு. சித்திரை வெயில். கல்வராயன் மலைக்குப் பஸ் நின்றுபோயிருந்தது. அலமேலுவுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். காலையும் மாலையும் ஊசி. போடாவிட்டால் உயிர் தங்காது. ஆஸ்பத்திரியில் சும்மா கொடுப்பார்கள். அந்த முறை இருப்பு இல்லை. வெளியே வாங்கிக்கொள் என்றார்கள். கூலி வேலை இல்லை. இருந்த ஆடு இரண்டையும் விற்றேன். கள்ளக்குறிச்சி மருந்துக் கடையில் வாங்கினேன். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. ஈர மணல் பானைதான்.

கச்சிராயபாளையம் வரை ஒரு காய்கறி வண்டி. அதற்கு மேல் நடை. தார்ச்சாலையில் போனால் திருப்பி அனுப்புவார்கள். காட்டுத் தடத்தில் ஏறினேன்.

அந்தத் தடத்தில்தான் வெல்லம் போகும். மதுக்கடைகள் மூடியிருந்தன. மலையில் சாராயம் காய்ச்சுகிறவர்களுக்கு வெல்லம் வேண்டும். வெல்லத்தோடு மலையேறினால் சாராயக்காரன். போலீஸுக்கு அப்படித்தான்.

என் மடியிலும் வெல்லம். ஓர் அச்சு. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடத் தாமதமானால் அலமேலுவுக்கு மயக்கம் வரும். அப்போது வாயில் வைக்க.

பிடித்துவிட்டார்கள். பிடரியில் கை.

"பானையில இன்னாடா? சாராயமா?"

"ஊசி மருந்துங்க சார். வூட்ல சக்கர வியாதிங்க."

மடியைத் தட்டினார்கள். வெல்லம் விழுந்தது.

"பாருய்யா! சக்கர வியாதியாம். மடியில வெல்லமாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. ஆனாலும் சொன்னேன்.

"மயக்கம் வந்தா வாயில வெக்கணும்ங்க."

சிரிப்பு ஜாஸ்தியானது. சாராயப் பானையைப் பிடித்த இடத்திலேயே உடைப்பது வழக்கம்.

"ஒடைக்காதீங்க சார்!"

லத்தி இறங்கியது. மொத்தென்று ஒரு சத்தம். அதற்குள்ளே கண்ணாடியின் மெல்லிய சத்தம். இன்றும் கேட்கிறது.

சாராய வாடை இல்லை. மருந்து வாடை. சிரிப்பு நின்றது. உடைத்தவர் குனிந்து மணலைக் கையால் கிளறினார். ஒரு குப்பி முழுதாக இருந்தது. துடைத்துக் கொடுத்தார். வெல்லத்தையும் எடுத்துக் கொடுத்தார். "போய்யா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அலமேலு வாசலில் நிற்கிறாள்.

"இன்னாய்யா, எம் பானைய எவளுக்குக் குடுத்துட்டு வர்ற?"

நடந்ததைச் சொன்னேன். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"பாதி பாதியா போட்டுக்கறேன். அதுக்குள்ள பஸ்ஸு வுட்டுடுவான்."

பாதி போட்டாள். பிறகு ஒரு வேளை மட்டும். சோற்றைக் குறைத்தாள். தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். நான் கடன் கேட்காத வீடு இல்லை. எல்லா வீடும் எங்கள் வீடு போலத்தான். பஸ் வரவில்லை. குப்பி காலியானது. வாந்தி. பிறகு மூச்சிரைப்பு. ஓடிவந்தவள் போல, படுத்தபடியே.

பஸ் வந்தாலும் தார்ச்சாலையோடு சரி. எங்கள் ஊர் வரை வண்டி ஏறாது. புடவையைத் தூளியாக மூங்கிலில் கட்டி, ஊர்க்காரர்களும் நானும் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு இறங்குகிறோம்.

"மெள்ள! கல்லு! கல்லு!" முன்னால் போனவன் கத்துகிறான்.

ஓடைப் பள்ளம் தாண்டும்போது மூச்சுச் சத்தம் நின்றது. நாங்களும் நின்றோம். சில்வண்டுச் சத்தம் மட்டும்.

படிப்பவர்கள் மறக்கக் கூடாது என்று எழுதுகிறேன். போட மருந்து இருந்திருந்தால் அவள் இருந்திருப்பாள்.

போனவை: ஆடு இரண்டு. பானை ஒன்று. குப்பி இரண்டு. அலமேலு.

மிஞ்சியது ஓர் அச்சு வெல்லம். கடைசிவரை அவளுக்கு அது தேவைப்படவே இல்லை.