யசோதாவுக்கு மூன்று மருந்துகள்

நல்ல அட்டவணைக்கு மூன்று நிறங்கள் போதும். தொம்மலூரில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் புதியவர்களுக்கு இதை நான்தான் சொல்லித் தருவேன். மனநோய் மருந்து ஒவ்வொன்றும் மூளையின் எந்த ஏற்பியை, அதாவது மருந்து போய் ஒட்டும் எந்த இடத்தை, எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்பதை நிறமிட்டுக் காட்டுவது எங்கள் பணி. இறுகப் பற்றினால் சிவப்பு, தளர்வாகப் பற்றினால் மஞ்சள், பற்றாவிட்டால் வெள்ளை. பக்க விளைவுகளில் பெரும்பாலானவை அந்தச் சிவப்பிலிருந்து புறப்படுபவை. டோபமைன் ஏற்பியில் சிவப்பு என்றால் கை நடுங்கும், முகம் அசைவிழக்கும். ஹிஸ்டமின் ஏற்பியில் என்றால் தூக்கமும் பசியும் பெருகும். இவ்வளவு தெரிந்தால் மீதியை விளக்குவது எளிது, ஐயா.

என் தங்கை யசோதாவுக்கு இருபத்திரண்டு வயதில் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. பெற்றோர் இல்லை. ஏழு ஆண்டுகள் நான்தான் பார்த்துக்கொண்டேன். பிறகு ஒரு சிறிய மாத்திரையில் குரல்கள் அடங்கின. ஒன்றரை ஆண்டு நலமாக இருந்தாள். அப்போதுதான் லிங்கராஜபுரத்தில் பேக்கரி வைத்திருக்கும் ஆம்ப்ரோஸ், அவளைத் திருமணம் செய்துகொள்ள விரும்புவதாக வந்து சொன்னார். அவளுடைய நோய் பற்றி அவருக்குத் தெரியும். அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் போய்விட்டால் வீட்டில் யாருக்கு மாத்திரை எடுத்து வைப்பது என்று யோசித்தேன்.

அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது, குரல்கள் திரும்பிவிட்டதாகச் சொன்னேன்.

"ஐயோ டாக்டர், எனக்கு ஒண்ணும் கேக்கல. எங்கண்ணன் குறட்டைதான் கேக்குது," என்றாள் யசோதா.

மருத்துவர் சிரித்தார். பிறகு, நோயை நோயாளி உணரவில்லை என்று எழுதிக்கொண்டார். மனநலப் பிரிவில் கூட வருபவரின் சொல்லுக்குத்தான் எடை அதிகம்.

மருந்தை எழுதியவர் அவர்தான். பதற்றம் என்று சொன்னால் எதை எழுதுவார், தூக்கமில்லை என்று சொன்னால் எதை எழுதுவார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

பழைய மாத்திரைக்குப் பதிலாக வந்த முதல் மருந்து டோபமைன் ஏற்பியை இறுகப் பற்றுவது. அவள் கை நடுங்கியது. சிரிப்பு முகத்துக்கு வரவில்லை.

"விடு யசோ, டீ நான் ஊத்துறேன். நீ மகாராணி மாதிரி உக்காரு," என்றார் ஆம்ப்ரோஸ்.

மூன்று மாதம் பொறுத்து, பலனில்லை என்று மருத்துவரிடம் சொன்னேன். அது பொய்யில்லை.

இரண்டாவது மருந்துக்கு ஹிஸ்டமினில் சிவப்பு. பதினான்கு கிலோ கூடினாள். மதியம்வரை தூங்கினாள்.

"என்னடி, பன்னு மாதிரி ஆயிட்ட?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"பன்னு விக்கிறவனுக்கு இதுக்கு மேல என்ன வேணும், போடா."

ஜனவரியில் தேவாலயத்தில் திருமணம் என்று நாள் குறித்தார்கள்.

இரண்டு மருந்துகள் தோற்றால் கடைசியாக எழுதுவதற்கென்று ஒன்று இருக்கிறது. டோபமைனைத் தளர்வாகவே பற்றும்; வேறு பல ஏற்பிகளில் சிவப்பு. அவளுக்கு எச்சில் ஓயாமல் வழிந்தது. ஆம்ப்ரோஸ் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

இந்த மருந்துக்கு வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை கட்டாயம் என்றார்கள். அதற்குக் காரணமாக எந்த ஏற்பியையும் யாரும் சொல்லவில்லை. எங்கள் அட்டவணையில் அதற்கு இடமும் இல்லை. மருத்துவமனையின் சம்பிரதாயம் என்று எடுத்துக்கொண்டேன். ஊசியைப் பார்த்தாலே அவள் அழுதாள். ஐந்தாவது வாரத்திலிருந்து பழைய அறிக்கையிலேயே தேதியை மாற்றிக் கொடுத்தேன். இரக்கப்பட்டுச் செய்தது.

ஒன்பதாவது வாரம் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தன. காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன்.

"அண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போலாமாண்ணா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

அங்கே ரத்தம் எடுப்பார்கள் என்பதால் வேண்டாம் என்றேன். மூன்றாம் நாள் ஆம்ப்ரோஸ் வந்து அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய இல்லை என்றார்கள். இந்த மருந்து சிலருக்கு அப்படிச் செய்யும், வாரந்தோறும் ரத்தம் பார்ப்பது அதைக் கண்டுபிடிக்கத்தான் என்றார்கள். மறுநாள் காலை இறந்தாள்.

குரல்கள் திரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும். அறிக்கைகளைத் திருத்தியதும் நான்தான். இரண்டுக்கும் கையெழுத்திடுகிறேன். ஆனால் திருமணத்தைத் தடுக்க அவளைக் கொன்றேன் என்று ஆம்ப்ரோஸ் புகாரில் எழுதியிருப்பது நியாயமில்லை. அவளுக்கு நான் ஒருநாளும் தீங்கு நினைத்ததில்லை. இப்படி ஒரு காய்ச்சல் வரும் என்று தெரிந்திருந்தால், அவளுக்கு வேறொரு மருந்தைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன்.